இரண்டு கோடுகளுக்கு நடுவே

காரின் ஆயில் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்த்தேன். அதேதான். கம்பியின் அடியில் இரண்டு கோடுகள் இருக்கின்றன, எண்ணெய் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரியாமல் இல்லை, வசந்தா காட்டியிருக்கிறாள், ஆனால் இப்போது கீழ்க்கோடு காய்ந்து கிடக்கிறது, அதற்கும் கீழே நுனியில் மட்டும் கறுப்பாக ஒரு சொட்டு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் காது மடலில் தங்கின மாதிரி. மணி எட்டேகால். ஓசூர் பஸ் பத்து மணிக்குள் காந்திபுரம் வந்துவிடும், அங்கிருந்து ஆட்டோ, பத்தரைக்கு இந்த வாசலில் இறங்குவாள், சாவியை வாங்குவாள், வண்டி அவள் பெயரில் இருக்கிறது, ஜூலையில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தபோதே வண்டி அவளுக்கு என்று பேசி முடித்தாகிவிட்டது, நான்தான் இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று வைத்திருந்தேன். காலையில் எழுந்து வண்டியைக் கழுவினேன். சீட்டைத் தட்டினேன். சேதாரமில்லாமல் ஒப்படைக்கிறேன் என்று ஒரு நினைப்பு. கழுவி முடித்துத் துணியைப் பிழியும்போதுதான் ஆயில் ஞாபகம் வந்தது. அவள் சங்ககிரியில் லாரி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். கண்ணாடியையும் பெயிண்டையும் பார்க்க மாட்டாள். முதலில் பானட்டைத் திறப்பாள்.

"மாசத்துக்கு ரெண்டு தடவை ஆயிலு பாருங்க, வேற ஒன்னும் பண்ண வேண்டாம்." அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பின அன்று கடைசியாகச் சொன்னது அதுதான். என்னைப் பற்றியோ அவளைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன். அப்புறம் மூன்று நான்கு தரம் போனில் கேட்டாள், வீட்டு வரி கட்டினீங்களா, சிலிண்டர் வந்துச்சா, ஆயிலு பாத்தீங்களா. பாத்தேன் என்றேன். சரியா இருக்கு என்றேன். அந்த இரண்டு சொல்லும் யோசிக்காமலே வாயில் வரும், தும்மல் மாதிரி. போன மாதம் லட்சுமி மில்ஸ் திருப்பத்தில் வளைக்கும்போது சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு, மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்ணம் மாதிரி ஒரு படம், எரிந்து உடனே அணைந்தது. எரிந்ததா? வெயில் பட்டிருக்கும் என்று முடிவு செய்தேன். எரியவில்லை என்று முடிவு செய்தேன். நூல் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்கிறவன், நூறு மீட்டர் நூலில் எத்தனை முடிச்சு, எத்தனை மெலிவு, எந்த இடத்தில் அறும் என்று லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்கிறவன், என் கண்ணுக்கு முன்னால் எரிந்த விளக்கை எரியவில்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேல்மாடி பால்கனியிலிருந்து ரிடையர்டு தாசில்தார் எட்டிப் பார்த்தார். "என்ன குழந்தைவேலு சார், வண்டி ரிப்பேருங்களா?" "இல்லீங்க, சும்மா ஆயிலு பாக்கறேன்." அடிக்கடி பார்க்கிறவன் மாதிரிச் சொன்னேன். அவரும் நம்பின மாதிரித் தலையாட்டினார். எஞ்சின் உள்ளே உரசித் தேய்ந்திருக்குமா? தேய்ந்திருந்தால் வெளியே தெரியுமா? பாதி வழியில், தொப்பூர் மலையில், லாரிகளுக்கு நடுவில் நின்றுவிட்டால்? அவள் தனியாக ஓட்டிக்கொண்டு போகப் போகிறாள்.

சத்தி ரோட்டில் ஆயில் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. கடைக்காரர் ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார், "என்ன வண்டிங்க?" சின்னக் கார், பெட்ரோல், பதினோரு வருஷமாச்சு என்றேன். "என்ன கிரேடு ஊத்தீட்டிருக்கீங்க?" எப்பவும் ஊத்தறதுதான் என்றேன். அவர் ஊதுபத்தியைச் செருகிவிட்டுத் திரும்பினார். "எப்பவும் ஊத்தறதுன்னா எதுங்க?" அலமாரி முழுக்க டப்பாக்கள், மஞ்சள், சிவப்பு, நீலம், ஒவ்வொன்றிலும் எண்கள், ஐந்து முப்பது, பத்து முப்பது, இருபது நாற்பது. எங்கள் பரிசோதனைக்கூடத்தில் முப்பது என்றால் முப்பதாம் நம்பர் நூல், நாற்பது என்றால் அதைவிடச் சன்னமான நூல், எண் ஏற ஏற மெல்லிசாகிக்கொண்டே போகும். இங்கே தலைகீழாம், எண் ஏறினால் கெட்டியாம். "தப்பா ஊத்தினா உடனே ஒன்னும் ஆகாதுங்க, ஆனா எதுக்குங்க, பொஸ்தகத்துல போட்டிருக்கும், பாத்துட்டு வாங்க." போன் சட்டைப் பையில் இருந்தது. ஒரு நிமிஷத்தில் அவளைக் கேட்டுவிடலாம். இந்நேரம் பஸ் அவிநாசியைத் தாண்டியிருக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையைக் காதைச் சுற்றிப் போட்டிருப்பாள், வசந்தா, நம்ம வண்டிக்கு என்ன ஆயிலு என்று கேட்டால் ஒரு விநாடி பேச மாட்டாள், அந்த ஒரு விநாடி எனக்கு வேண்டாம். அது எனக்குப் பழக்கமான விநாடி. திரும்பி வீட்டுக்கு நடந்தேன். டேஷ்போர்டைத் திறந்து வண்டிப் புத்தகத்தை எடுத்தால், பின் அட்டையில் அவளுடைய குண்டுக் கையெழுத்து, 5W-30, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாள். புத்தகத்துக்குள் அவளுடைய ஹேர்பின் ஒன்று, துருப்பிடித்து, தாளில் தன் வடிவத்தைப் பழுப்பாகப் பதித்திருந்தது. அதை அப்படியே வைத்து மூடினேன். மறுபடி கடைக்கு நடந்தேன். "எங்கியாச்சும் ஒழுகுதுங்களா? நிறுத்தற எடத்துல கறை இருக்குதா?" இல்லை என்றேன், இந்தத் தடவை நிஜமாகவே குனிந்து பார்த்திருந்தேன். "அப்ப எரிச்சிருக்கும். பழைய வண்டி கொஞ்சங் கொஞ்சமா எரிச்சுக்கும், வெளிய தெரியாதுங்க. நாமதான் பாத்துக்கோணும்." ஒரு லிட்டர் போதும், பத்தாட்டி வந்து வாங்கிக்குங்க என்றார். நான் இரண்டு வாங்கினேன்.

கொஞ்சங் கொஞ்சமா, வெளிய தெரியாது. நடக்கும்போது அது காலில் செருப்பு மாதிரி அடித்துக்கொண்டே வந்தது. எங்களுக்குள் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. வக்கீலே நம்பவில்லை, குடிப்பாருங்களா, அடிப்பாருங்களா, வேற யாராச்சும் இருக்காங்களா என்று அவளைக் கேட்டார், அவள் எல்லாவற்றுக்கும் இல்லீங்க, இல்லீங்க என்றாள், நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்த இல்லைகளை எனக்குக் கிடைத்த நல்ல சான்றிதழ்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேங்கிலிருந்து வருவாள், எனக்குத் தோசை வார்த்துப் போடுவாள், நான் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். ஒரு நாள் தோசைக் கரண்டியோடு நின்று சொன்னாள், "மூணு மாசமா ராத்திரி உங்க கூட உக்காந்து நான் சாப்படறதில்ல. தெரியுமா?" நான் சத்தத்தைக் குறைத்தேன். அதைத்தான் செய்தேன். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏன், பசிக்கலையா என்றேன். மூன்று மாதம் என்றால் தொண்ணூறு ராத்திரி. தொண்ணூறு தரம் எனக்கு எதிரே ஒரு தட்டு இல்லாமல் இருந்திருக்கிறது, இல்லாத ஒரு தட்டை எப்படிப் பார்ப்பது என்று அப்போது எனக்குள் ஒரு கோபம்கூட வந்தது, சொன்னால்தானே தெரியும். அவள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து ஓசூருக்கு மாற்றல் கேட்டு வாங்கினாள். அவள் பட்டினியாகப் படுத்த அந்தத் தொண்ணூறு ராத்திரி இந்த இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்ப வந்திருக்கிறது. சாப்பாட்டைப் பார்சல் கட்டி வாங்கிவந்து, பிரித்து, பாதியில் மடித்து வைத்துவிடுவேன்.

வாட்டர் பாட்டிலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனல் செய்துகொண்டேன். மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே இருட்டு, சுட்ட வாசனை. புதிய எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கியது, சத்தமே இல்லாமல், நூல் மாதிரி ஒரே கனத்தில், எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அரை டப்பா ஊற்றிவிட்டுக் கம்பியைப் பார்த்தேன். ஏறவில்லை. மீதியையும் ஊற்றிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கு வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது, கம்பியின் ஒரு பக்கம் நனைந்திருக்கிறது, மறுபக்கம் இல்லை. ஒரு லிட்டர் எங்கே போனது? மணி ஒன்பதே முக்கால். இரண்டாவது டப்பாவைத் திறந்தேன். கொஞ்சம் ஊற்றினேன், பார்த்தேன், துடைத்தேன், கொஞ்சம் ஊற்றினேன். அவள் வரும்போது கம்பி நிறைய இருக்க வேண்டும், அவ்வளவுதான், வருஷக் கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்த மாதிரி இருக்க வேண்டும். டப்பாவில் கால்வாசி மிச்சம் இருக்கும்போது நிறுத்தினேன். கை கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, மனது கேட்காமல், இன்னொரு தரம் உருவிப் பார்த்தேன். மேல்கோட்டைக் காணோம். அதற்கும் மேலே, ஒரு விரல்கடை தாண்டி, எண்ணெய் பளபளவென்று ஏறி நின்றது. நான் அவசரப்பட்டு ஊற்றினதெல்லாம் எங்கெங்கோ சுவரில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு, நான் சட்டை மாற்றும் நேரத்தில் மெதுவாக இறங்கிச் சேர்ந்திருக்கிறது. குறைந்தால் எஞ்சின் போய்விடும். கூடினால்? கூடினாலும் போய்விடும் என்று எங்கோ படித்த ஞாபகம். கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு புதுச் சட்டையில் விழுந்தது. கேட்டில் ஆட்டோ நின்றது.

வசந்தாவின் தலைமுடி நரைத்திருந்தது. சாயம் போடுவதை விட்டிருக்கிறாள். நான் அதைப் பார்த்தேன், பார்த்தேன் என்பதும் எனக்குத் தெரிந்தது. "நல்லாருக்கீங்களா" என்றாள். "இருக்கேன், டீ போடட்டுமா" என்றேன். வேண்டாங்க என்று தோள்பையைத் திண்டில் வைத்துவிட்டு, திறந்து கிடந்த பானட்டையும் என் கையையும் காலி டப்பாவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கம்பியை வாங்கித் துடைத்தாள், விட்டாள், எடுத்தாள். அந்த விநாடி வந்துவிட்டது. "எத்தன ஊத்தினீங்க?" கொஞ்சந்தான், எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு, இன்னிக்கு லேசாக் கொறைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு, என்று வாக்கியம் முழுசாக என் நாக்கில் தயாராக இருந்தது. அவள் கம்பியை வெளிச்சத்தில் பிடித்திருந்தாள். பின்னங்கழுத்தில் பஸ் சீட்டின் வேர்வை. விடியும் முன்னே எழுந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள், இதை ஓட்டிக்கொண்டு மறுபடி அவ்வளவு தூரம் போக வேண்டும், தொப்பூர் மலை, லாரிகள். "ஒன்னேமுக்கா லிட்டர்" என்றேன். "கீழ்க்கோட்டுக்கும் கீழ போயிருந்துச்சு. நான் பாக்கல வசந்தா. நீ போனதுலேர்ந்து ஒருதடவைகூடப் பாக்கல. நீ கேட்டப்பல்லாம் பாத்தேன்னு சும்மா சொன்னேன். போன மாசம் செவப்பு லைட்டு எரிஞ்சுது, அதையும் பாத்துட்டுப் பாக்காத மாதிரி விட்டுட்டேன்." சொல்லி முடித்ததும் காதுக்குள் உஸ்ஸென்றது. கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் குனிந்து சக்கரங்களைப் பார்த்தாள். "சரிவுல வெச்சாப் பாப்பாங்க? முன்னாடி மேடா இருக்குதே. அதான் ஏறவே இல்லைன்னு ஊத்திருக்கீங்க." பிறகு நிமிர்ந்தாள். "மெடிக்கல் ஷாப்ல பெரிய சிரிஞ்சும் டிரிப்ஸ் ஏத்தற டியூப்பும் வாங்கீட்டு வாங்க. ஐம்பது மில்லி சிரிஞ்சு. ஓடுங்க."

நான் ஓடினேன், நிஜமாகவே ஓடினேன், ஐம்பத்து நாலு வயதில், எண்ணெய்ச் சட்டையோடு. திரும்பி வந்தபோது வண்டியை இருவருமாகத் தள்ளிச் சமதரைக்குக் கொண்டுவந்தோம், அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கதவோரம் தள்ள, நான் பின்னால். கம்பி போகிற துளைக்குள் டியூபை விட்டு, சிரிஞ்சால் இழுத்து, காலி டப்பாவில் பீய்ச்ச வேண்டும். அவள் இழுத்தாள், நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டேன். புதியதும் பழையதும் கலந்து எண்ணெய் கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. ஐந்தாறு தரம் இழுத்திருப்பாள். எங்கள் தலைகள் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டிருந்தன, இந்த அளவுக்கு அருகில் நாங்கள் குனிந்து நின்று எத்தனை வருஷம் இருக்கும், அவளிடமிருந்து வேறு ஒரு சோப்பு வாசனை வந்தது, நான் வாங்கித் தராத சோப்பு. என்ன நினைத்தாளோ, சிரிஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நானும் ஒன்னு சொல்லோணும். அப்ப ராத்திரி சாப்படலேன்னு சொன்னனில்ல? பட்டினியெல்லாம் கெடக்கல. பேங்குக்குக் கீழ புரோட்டாக் கடை இருக்குதே, சாயங்காலமே அங்க உக்காந்து சாப்பிட்டுருவேன். வீச்சு புரோட்டா. தெனமும்." டப்பாவைப் பிடித்தபடி நிமிர்ந்தேன். "தெனமுமா?" "தெனமும்." எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கு வழியாக வந்தது, அவளும் சிரித்தாள், புறங்கையால் வாயைப் பொத்தி மீசை மாதிரிக் கறுப்பாக்கிக்கொண்டாள். சிரித்து முடித்த பிறகு அவள் சொன்னாள், "பட்டினி கெடந்திருந்தா கோவத்துலயாவது இருந்திருப்பேன். அங்க தனியா உக்காந்து சாப்படறது எனக்குப் புடிச்சுப் போச்சுங்க. அதுதான் எனக்கே பயமாப் போச்சு." தொண்ணூறு ராத்திரியும் என் மேலிருந்து இறங்கின மாதிரி இருந்தது, இறங்கின இடம் காலியாக இருந்தது, குற்ற உணர்வாவது துணைக்கு இருந்தது இத்தனை நாள். அவள் இன்னும் நாலு தரம் இழுத்தாள். கம்பியைத் துடைத்து விட்டு எடுத்து என்னிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்க." இரண்டு கோடுகளுக்கு நடுவே, மேல்கோட்டை ஒட்டி, நின்றது. சரியா இருக்கு என்றேன்.

விளக்கு எரிகிறதா என்று பார்க்க ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றாள். நான் இடப்பக்கம் ஏறினேன், பழைய பழக்கம், கை தானாகப் பெல்ட்டைத் தேடியது. எஞ்சின் முதலில் டக்டக்கென்று தட்டியது, அவள் காதைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு தட்டல் அடங்கி ஓட ஆரம்பித்தது. விளாங்குறிச்சி ரோடு, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம், கோயில் வளைவு. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், சிவப்பு வரவில்லை. அவள் திரும்புவாள் திரும்புவாள் என்று ஒவ்வொரு சந்திலும் நினைத்தேன். அவள் திரும்பவில்லை. காளப்பட்டி நால்ரோட்டில் ஓரம் கட்டினாள். இங்கிருந்து இடப்பக்கம் என் வீட்டுப் பக்கம் போகிற பஸ் கிடைக்கும், நேரே போனால் ஹைவே. அவளுடைய தோள்பை பின் சீட்டில் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன், தள்ளிவிட்டு ஏறும்போதே வைத்திருக்கிறாள். "எஞ்சினுக்கு ஒன்னும் ஆகல. ஓசூர் போனதும் ஆயிலு முழுசா மாத்திக்கறேன்" என்றாள். "மலை ஏத்தத்துல பாத்துப் போ." "ம்." நான் இறங்கினேன். கண்ணாடியை இறக்கினாள், ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன். "சட்டைல ஆயிலு. மண்ணெண்ணெ போட்டுத் தொடச்சுட்டு அப்புறம் தொவைங்க." இண்டிகேட்டர் போட்டாள், பின்னால் பார்த்தாள், ஒரு டவுன் பஸ்ஸுக்கு வழிவிட்டு ஏறிப் போனாள். வெள்ளை வண்டி. அந்த ரோட்டில் எல்லா வண்டியும் வெள்ளைதான், ஐந்து எண்ணுவதற்குள் எது என்று தெரியாமல் போயிற்று.

பஸ்ஸுக்கு நிற்கவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. நால்ரோட்டிலேயே மரத்தடியில் ஒரு மெஸ், உள்ளே போனேன், பார்சலுங்களா என்று கேட்டார்கள், இல்லை, இங்கயே என்றேன். "எத்தன பேருங்க?" "ஓராள்." சொல்லிவிட்டுப் பார்த்தேன், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஓராள் என்பது அங்கே ஓர் எண் மட்டும்தான். கூட்டம் அதிகம், ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்த மேஜையில் எதிரே இடம் கொடுத்தார்கள். இலை போட்டார்கள், தண்ணீர் தெளித்தேன், சோறு விழுந்தது. பசித்தது. குழம்பைப் பிசைந்து நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டுவிட்டு மூச்சு விட நிமிர்ந்தபோது எதிரே இருந்தவரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும், மில் செக்யூரிட்டிச் சட்டை, மேல் பட்டன் வேறு நிற நூலில் தைத்திருந்தது. சோற்றின் நடுவே குழி பறித்து வைத்துவிட்டு, கையை இலையோரம் நிறுத்தி, ரசத்து வாளி போகிற திசையெல்லாம் கண்ணால் போய்வந்துகொண்டிருந்தார். வாளி இரண்டு தரம் எங்களைத் தாண்டிப் போயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. குழியின் விளிம்புச் சோறு காய ஆரம்பித்திருந்தது, வெகுநேரமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கையைத் தூக்கினேன். "ஏங்க, இங்க ரசம் கொண்டாங்க" என்று கூப்பிட்டேன், நினைத்ததைவிடச் சத்தமாக. பரிமாறுகிறவர் வந்து என் இலை பக்கம் கரண்டியைச் சாய்த்தார். எனக்கில்லை, இவருக்கு என்றேன். எதிரே இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குங்களா?" என்றார்.